மாட்டு டொக்டரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது, எதைக் கேட்கவே கூடாது

எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு முதல் டொக்டர் பக்கத்து லயத்துக்காரர் (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு), இரண்டாவது டொக்டர் டவுனில் மருந்து விற்கிறவர். படித்த டொக்டர் மூன்றாவதாகத்தான் வருவார், அதுவும் மாடு படுத்த பிறகு. நான் இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாட்டுப்பட்டியை ஒட்டிய வீட்டில் வளர்ந்தேன். அப்புறம் டவுனில் ஒரு மிருக வைத்தியரிடம் மூன்று வருடம் கையாளாக இருந்தேன். நாயைப் பிடித்துக்கொள்வது, மயிர் வழிப்பது, மேசையைக் கழுவுவது, அவ்வளவுதான் என் வேலை, ஊசியைத் தொட்டதில்லை. ஆனால் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு ஒன்று சீக்கிரமே விளங்கிவிடும். வலி ஒருத்தருக்கு, காசு இன்னொருத்தருடையது, பேசுகிற வாயும் அந்தக் காசுக்காரருடையதுதான். நாம் பாதியை மறைத்தால் டொக்டர் மீதிப் பாதிக்குத்தான் மருந்து போடுவார்.

ஆகவே இது மருந்து சொல்லும் கட்டுரை இல்லை. டொக்டரிடம் எப்படி நடந்துகொண்டால் மாட்டுக்கும் நாய்க்கும் நியாயம் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

கூப்பிடும் முன்பு

போனை எடுக்கும் முன் ஒரு ஐந்து நிமிடம் பட்டியில் நில்லுங்கள். மாடு அசை போடுகிறதா, கடைசியாக எப்போது போட்டது? சாணி கட்டியா, தண்ணியா, சளி இருக்கிறதா? மூத்திரம் கோப்பி நிறத்தில் போகிறதா? உண்ணியால் வரும் காய்ச்சலில் அப்படிப் போகும், இந்த ஒன்றைச் சொன்னாலே டொக்டர் எதை எடுத்துவர வேண்டும் என்று வீட்டிலேயே யோசித்துவிடுவார். நேற்று எத்தனை போத்தல் கறந்தது, இன்று எத்தனை, கன்று போட்டு எத்தனை நாள், கடைசியாகச் சினை ஊசி போட்டது எப்போது. பட்டிச் சுவரில் ஒரு கலண்டரை மாட்டி இதையெல்லாம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய மாடு மற்றவர்களுடைய மாட்டை விடச் சீக்கிரம் எழும்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

இடது பக்கம் விலா முடிகிற பள்ளத்தில் முஷ்டியை வைத்து அழுத்திப் பிடித்துப் பாருங்கள். நல்ல மாட்டுக்கு வயிறு உருண்டு வந்து கையைத் தள்ளும், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை. ஒன்றுமே தள்ளவில்லை என்றால் சொல்லுங்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்தால் இன்னும் நல்லது, வால் அடியில் உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும், தெர்மாமீட்டரின் பின்முனையில் ஒரு நூல் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே போய்விடும். பெரிய மாட்டுக்கு 101 முதல் 102.5 பாகை பரனைட் வரை சாதாரணம், நாய்க்கும் ஏறக்குறைய அதே. (பிள்ளைகளுடைய தெர்மாமீட்டரோடு சேர்த்து வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அது நடந்தது, அம்மாவுக்கு இன்னும் தெரியாது.)

மாடு வாயில் எச்சில் வடியத் தொண்டையில் ஏதோ சிக்கியது போல நின்றால் கையை உள்ளே விட்டுத் துழாவாதீர்கள். விசர் நாய் கடித்த மாடும் அப்படித்தான் நிற்கும். சில கிழமைகளுக்கு முன் பட்டிப் பக்கம் வேற்று நாய் வந்ததா என்று யோசித்துப் பார்த்து அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். அந்த நோய் மனிதருக்கு வந்து குணம் தெரிந்துவிட்டால் காப்பாற்ற வழி கிடையாது. யாருக்காவது கடியோ எச்சிலோ பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மாட்டை அப்புறம் பார்க்கலாம்.

மொழி ஒரு பிரச்சினைதான். பல இடங்களில் டொக்டருக்குச் சிங்களம் மட்டும் வரும், நமக்குத் தமிழ் மட்டும் வரும். "கன்னே நே" என்றால் சாப்பிடவில்லை, "உண" என்றால் காய்ச்சல், "கிரி" பால், இந்த மூன்று சொல்லை வைத்தே பாதி வழி போய்விடலாம். மீதிப் பாதிக்குப் போனில் வீடியோ எடுங்கள். மாடு நடப்பது, மூச்சு வாங்குவது, சாணி, எல்லாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, டொக்டர்மார் சாணிப் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள்.

லெச்சுமி படுத்த இரவு

அப்பாவிடம் ஜெர்சிக் கலப்பு ஒன்று இருந்தது, லெச்சுமி என்று பெயர். மூன்றாவது கன்று போட்ட மறுநாள் இரவு படுத்தது, எழும்பவில்லை. கழுத்தை வளைத்துத் தலையை விலாவோடு வைத்துக்கொண்டு கிடந்தது. காதைத் தொட்டால் மலை ஊற்றுப் பீலித் தண்ணீர் மாதிரிச் சில்லென்றிருந்தது. சித்தப்பா மிளகும் இஞ்சியும் இடித்துக் காய்ச்சிக் கொண்டுவந்தார். தலையைத் தூக்கிப் பிடித்து, மூங்கில் குழாயில் அரைப் போத்தல் ஊற்றினோம். மாடு இருமியது. அதை நல்ல சகுனம் என்று நினைத்தோம்.

அதற்குள் தோட்டத்தின் கீழ் டிவிஷனில் ஊசி போடுகிற ஒருவர் வந்துவிட்டார். "கல்சியம் போத்தல் கையில இருக்கு, நரம்புல ஏத்தினா அஞ்சு நிமிசத்துல எந்திரிச்சிரும்" என்றார். அப்பா சரி என்று சொல்லும் நேரத்தில்தான் அண்ணன் டொக்டருக்குப் போன் பண்ணிவிட்டதாகச் சொன்னான்.

அவர் பதினொரு மணிக்கு வந்தார், ரோட்டில் ஆட்டோவை விட்டுவிட்டு டோர்ச் அடித்துக்கொண்டு மழையில் நடந்து. வந்தவுடன் ஊசி போடவில்லை. கல்சியம் போத்தலை ஒரு வாளிச் சுடுதண்ணீரில் போட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வரும் வரை வைத்தார். அப்புறம் கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றி, ஒரு கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு தடவை குழாயை நசுக்கி நிறுத்தினார். இதயம் தப்பித் தப்பி அடித்ததாம். அந்த மருந்து அவசரமாக உள்ளே போனால் மாடு எழும்பாது, இதயம்தான் நிற்கும். கீழ் டிவிஷன்காரர் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

இருபது நிமிடம் இருக்கும். முதலில் ஒரு ஏப்பம் விட்டது. அப்புறம் விலாத் தோல் நடுங்கியது. சாணி போட்டது. பின்னங்காலை ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கி, கொஞ்ச நேரம் முழங்கால் போட்டபடியே நின்றுவிட்டு, எழுந்தது.

அப்போதுதான் அவர் மூங்கில் குழாயைப் பார்த்தார். "ஏதாவது ஊத்தினீங்களா?" அப்பா "இல்ல சேர்" என்றார். நான்தான் பின்னால் இருந்து "அரைப் போத்தல் ஊத்தினோம்" என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. டொக்டர் திட்டவில்லை, திரும்பப் போய் மாட்டின் இரண்டு பக்கமும் மூச்சைக் கேட்டார். பால் காய்ச்சலில், அதாவது கன்று போட்டதும் இரத்தத்தில் கல்சியம் குறைந்து, படுத்த மாடு ஒழுங்காக விழுங்காது, ஊற்றினது நுரையீரலுக்குப் போகும், மூன்றாம் நாள் மாடு அதில் செத்துப்போகும், ஜனங்கள் டொக்டர் போட்ட ஊசியால் செத்தது என்பார்கள், என்றார். நுரையீரலுக்கு ஒரு அன்டிபயோட்டிக் தொடங்கினார்.

நான் சொல்ல வருவது இதுதான். நீங்கள் செய்த பிழையைச் சொல்லுங்கள். கை மருந்து ஊற்றியது, பார்மசியில் வாங்கிப் போட்டது, வேறொருவர் காலையில் ஊசி போட்டது, எல்லாவற்றையும். வெறும் குப்பியைத் தூக்கி எறியாமல் காட்டுங்கள். ஒரே மருந்தை இரண்டு பேர் இரண்டு தடவை போட்டு நாசமாகிற கதை நிறைய உண்டு. நல்ல டொக்டர் முகத்தைச் சுளிப்பார், அவ்வளவுதான்.

கொட்ட வேண்டிய பால்

அந்த அன்டிபயோட்டிக்கோடு ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார், கடைசி ஊசிக்குப் பிறகு இன்னும் இரண்டு நாள் பாலை, பால் சேர்க்கிற சென்டருக்குக் கொடுக்கக் கூடாது என்று. சீம்பால் நாட்களின் பாலை அங்கே எப்படியும் எடுக்க மாட்டார்கள், அது சரி. ஆனால் அதற்கு மேல் இரண்டு நாள் என்றால் நான்கு நேரப் பால். அப்பா ஒரு நேரம் கொட்டினார். அப்புறம் வடிகானில் ஓடுகிற வெள்ளைத் தண்ணீரைப் பார்க்கப் பொறுக்காமல் மீதியைக் கேனில் ஊற்றிவிட்டார். யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது பிழை என்று அப்போது தோன்றவும் இல்லை.

உங்கள் பால் தனியாகப் போவதில்லை. ஐம்பது வீட்டுப் பாலோடு ஒரே தாங்கியில் கலக்கிறது. அதில் பென்சிலின் இருந்தால், அந்த மருந்து ஒத்துக்கொள்ளாத ஒரு பிள்ளை எங்கோ அதைக் குடிக்கும். தயிர் போடுகிறவருக்குத் தயிர் உறையாது, உறை மோரில் உள்ள கிருமியையே மருந்து கொன்றுவிடும். மருந்து கொஞ்சம் கொஞ்சமாக எல்லார் உடம்பிலும் போனால், நாளைக்கு நமக்கே நெஞ்சுச் சளி வரும்போது அதே மருந்து கேட்காமல் போகும்.

ஆகவே டொக்டர் பெட்டியை மூடும் முன் கேளுங்கள்: "சேர், எத்தனை நேரப் பாலைக் கொட்டணும்?" நாள் கணக்கில் கேட்காமல் நேரக் கணக்கில் கேளுங்கள், அப்போதுதான் காலையா மாலையா என்று குழப்பம் வராது. சில டொக்டர்மார் இதைத் தாங்களாகச் சொல்வதில்லை, சொன்னால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். நீங்கள் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். காத்திருக்கும் நாள் குறைந்த மருந்து இருக்கிறதா என்றும் கேட்கலாம், அது நியாயமான கேள்வி. மாட்டின் பின்னங்காலில் ஒரு சிவப்புத் துணி கட்டுங்கள். நீங்கள் கொழுந்து பறிக்கப் போன நேரத்தில் மாமியோ மகனோ கறந்தால் துணியைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். நாலு ஊசி என்று சொன்னால் நாலும் போட வேண்டும், மாடு இரண்டாவதில் புல் தின்ன ஆரம்பித்தாலும். மிச்சத்தை அடுத்த மாட்டுக்கு என்று கூரையில் செருகி வைக்காதீர்கள்.

காசைப் பற்றிப் பேசுவது

பேச வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று நான் பார்த்ததில் பாதி வேதனை இந்த ஒரு வெட்கத்தால் வந்தது. டொக்டர் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, மூன்று வகை ஊசி என்று சொல்லிக்கொண்டே போவார், வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார், வெளியே போய் ஆட்டோவில் ஏறினால் திரும்ப வரமாட்டார். நாய் வீட்டில் கிடந்து சாகும். "சேர், என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு, இதுக்குள்ள வலி குறையிற மாதிரி என்ன செய்யலாம்?" என்று கேட்டால், பெரும்பாலான டொக்டர்மாருக்கு இரண்டாவது வழி ஒன்று கையில் இருக்கும். எது கட்டாயம், எது தள்ளிப் போடலாம், எதை விட்டாலும் பரவாயில்லை என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். முழு வைத்தியம் செய்ய முடியாதது குற்றமில்லை.

பிரதேசத்துக்குப் பிரதேசம் அரசாங்க மிருக வைத்திய அலுவலகம் இருக்கிறது, மாட்டுக்கு முதலில் அங்கே போங்கள். சிக்கலான நாய், பூனை, பெரிய சத்திரசிகிச்சை என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் ஒரு நாள் போய்விடும், ஆனால் அங்கே ஆட்களும் கருவிகளும் உண்டு. பேராதனையில் படித்தவரோ வெளிநாட்டில் படித்தவரோ, மிருக வைத்தியம் பார்க்க 1956ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஊசி போடத் தெரிந்தவரெல்லாம் டொக்டர் இல்லை என்பதை லெச்சுமி கதையே சொல்லிவிட்டது.

கேட்கக் கூடாதவையும் சில உண்டு. மாட்டைப் பார்க்காமலே சுகமாக இருக்கிறது என்று சான்றிதழ், வயதைக் கூட்டி எழுதச் சொல்வது, காப்புறுதிக்குச் செத்த மாட்டின் காரணத்தை மாற்றுவது. ஒவ்வொரு நேரமும் பால் இறங்க ஒரு ஊசி, அழகுக்காக நாய்க்குட்டியின் காதையும் வாலையும் வெட்டுவது. இதில் சிலதைச் செய்து தரும் ஆட்களும் இருப்பார்கள். அப்படிச் செய்கிறவர் அடுத்த நாள் உங்களிடம் பால் வாங்குகிறவருக்கும், உங்களுக்கு மாடு விற்கிறவருக்கும் அதே மாதிரி எழுதிக் கொடுப்பார்.

வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள்

மாடு கத்தவில்லை என்றால் வலிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. காட்டில் கத்தின மாட்டைப் புலி முதலில் பிடித்திருக்கும், அதனால் அதன் சாதியே வலியை அடக்கப் பழகியது. பல்லை நறநறவென்று கடிப்பது, காதைத் தொங்கப்போடுவது, கூட்டத்தை விட்டுச் சுவரைப் பார்த்து நிற்பது, இவைதான் அதன் கத்தல்.

கொம்பு முளையைச் சுடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சின்ன வயதில் மூன்று பேர் கன்றின் மேல் உட்காருவார்கள், ஒருவர் காய்ச்சிய இரும்பை வைப்பார், அது போடுகிற சத்தம் தேயிலை ஸ்டோர் வரைக்கும் கேட்கும். டொக்டரோடு போன பிறகு வேறு விதமாகப் பார்த்தேன். கன்றுக்கு இரண்டு மூன்று கிழமை, முளை ஒரு காசு அளவு. கண்ணுக்கும் கொம்புக்கும் நடுவில் எலும்பு விளிம்புக்குக் கீழே ஒரு ஊசி, பத்து நிமிடம் காத்திருப்பு, பிறகு ஊசி முனையால் குத்திப் பார்ப்பார். கன்று தலையை அசைக்காவிட்டால்தான் இரும்பு. ஒரு ஆள் பிடித்தால் போதும். அந்த மரத்துப்போகும் ஊசிக்கு ஆகிற காசு ஒரு நாள் பிளேன்டீக் காசுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும், அவ்வளவுதான். காயடிக்கும்போதும் இதையே கேளுங்கள்: "மரத்துப் போக ஊசி போடுவீங்களா, வலி மருந்து பிறகு எத்தனை நாளைக்கு?" கேட்கிற ஆளுக்குப் போடுவார்கள்.

பட்டியையும் ஒரு தடவை பாருங்கள். 1965இல் பிரிட்டனில் ஒரு குழு பண்ணை மிருகங்களுக்குக் குறைந்தது என்ன வேண்டும் என்று கேட்டு ஐந்தைச் சொன்னது: எழும்ப, படுக்க, திரும்ப, உடம்பை நக்கிக்கொள்ள, காலை நீட்ட இடம். அதுதான் பிறகு ஐந்து சுதந்திரங்கள் என்று வளர்ந்தது. தோட்டத்தில் மாட்டை மேய விட முடியாது, நாள் முழுக்கக் கட்டிலேயே நிற்கிறது, புல் நம் தலையில் வருகிறது. ஆகவே அந்த ஐந்தும் நாம் கட்டுகிற கயிற்றின் நீளத்தில்தான் இருக்கின்றன. இன்னொன்று தண்ணீர். ஒரு லீட்டர் பால் வர மூன்று நான்கு லீட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும், காலையில் ஒரு வாளி மாலையில் ஒரு வாளி என்பது பத்து லீட்டர் கறக்கிற மாட்டுக்குக் காணாது.

ஆண் கன்று

இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பெண் கன்று பிறந்தால் பெயர் வைக்கிறோம். பிரீசியன் ஆண் கன்று பிறந்தால் அதைப் பால் குடிக்க விடாமல் ஓரத்தில் கட்டி, நாலைந்து நாளில் "தானாகச் செத்துப்போச்சு" என்கிறோம். தானாகச் சாகவில்லை, பசியில் செத்தது. டொக்டரைக் கூப்பிட்டு "ஒரு ஊசி போட்டுவிட்டுப் போங்க சேர்" என்று கேட்டவர்களும் உண்டு. பட்டினி போடுவதை விட அது மேல் என்று ஒரு டொக்டர் நினைக்கலாம், சுகமான கன்றைக் கொல்ல மாட்டேன் என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டு பேரையும் நான் பார்த்திருக்கிறேன், இரண்டு பேருக்கும் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

எனக்குத் தெரிந்த வழி இது. எது பிறந்தாலும் சீம்பால் முதல் ஆறு மணித்தியாலத்துக்குள், வயிறு நிறைய. அந்த நாட்களின் பாலை விற்க முடியாது, ஆண் கன்றுக்குக் கொடுத்து நமக்கு நட்டமே இல்லை. கன்று பிறக்க ஒரு மாதம் இருக்கும்போதே, ஆணாக இருந்தால் யாருக்கு என்று பேசி வைத்துவிடுங்கள். கீழ் நாட்டுப் பக்கம் வளர்க்க எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெண் கன்று மட்டும் பிறக்கிற மாதிரிப் பிரித்த சினை ஊசி வந்திருக்கிறது, விலை கூட. உங்கள் அலுவலகத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். யாருமே எடுக்காமல், வளர்க்கவும் முடியாமல் போனால், டொக்டரிடம் முதல் நாளே உண்மையைச் சொல்லிக் கேளுங்கள், ஐந்தாம் நாள் எலும்பும் தோலுமாகக் காட்டாதீர்கள்.

நாய், பூனை, சிறுத்தை

பெட்டை நாய்க் குட்டிகளைப் பையில் போட்டுக் கோயிலடியிலோ தேயிலைக்குள்ளோ விடுவது நம் ஊர் வழக்கம். 2006 முதல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை என்பது இந்த நாட்டின் கொள்கை. ஆனால் கொல்லாமல் விட்டால் மட்டும் போதாது, கருத்தடை செய்ய வேண்டும், விசர் ஊசி வருடா வருடம் போட வேண்டும். ஒரு லயத்தில் இருபது நாய் என்றால் ஒவ்வொருவராகப் போகாமல் பிரதேச சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் ஒன்றாகப் போய் முகாம் கேளுங்கள். சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவிலிருந்து வளர்ந்த நாய்க்குச் சாப்பாடு கூடாது. பாவம் என்று காலையில் ஒரு துண்டு ரொட்டி போட்டுக் கூட்டிவந்த ஆச்சி ஒருவரால் எங்கள் மேசையில் ஒரு நாய் மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சு அடைக்கப் பார்த்தது. வீட்டுக்கு வந்த பிறகு பத்து நாள் கட்டி வையுங்கள், தையலை நக்க விடாதீர்கள், ஈரத் தரையில் படுக்க விடாதீர்கள்.

சொறி நாய்க்கு எஞ்சின் கழிவு எண்ணெய் பூசாதீர்கள், அது நக்கும், ஈரல் போகும். பூனைக்குப் பனடோல் கொடுக்காதீர்கள், அரை மாத்திரையே உயிரை எடுக்கும். நாய்க்கு நம் மூட்டுவலி மாத்திரைகள் கொடுத்தால் வயிற்றில் இரத்தம் கசியும்.

மரக்கறித் தோட்டத்தில் பன்றிக்குக் கட்டுகிற கம்பிச் சுருக்குத் தடத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாயும் கன்றும் அதில் மாட்டுகின்றன, சிறுத்தையும் மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டியது, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்தும் சில நாளில் செத்தது. கம்பியில் சிறுத்தையைக் கண்டால் 1992க்கு அடித்து வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள், நாய்களைக் கட்டுங்கள், போனைத் தூக்கிக்கொண்டு வருகிற கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். ஆள் கூடக் கூட அது இழுக்கும், இழுக்க இழுக்கக் கம்பி உள்ளே வெட்டும், மயக்க ஊசியோடு டொக்டர் வந்து சேரும் நேரத்தில் உள்ளே ஒன்றும் மிஞ்சாது.

மிருகத்தை வதைத்தால் பொலிஸில் சொல்லலாம், சட்டம் இருக்கிறது. 1907இல் வெள்ளைக்காரன் எழுதியது, அதில் போட்ட தண்டப்பணம் நூறு ரூபா. அந்தக் காலத்தில் நூறு ரூபா பெரிய காசு, இன்று அதற்கு என்ன கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிதாக ஒன்று வரைந்தது, அது வருடக்கணக்காக மேசைக்கு மேசை போனது.

கடைசி ஊசி

கொழும்புக்கு வேலைக்குப் போகிறோம், நாயைப் பார்க்க ஆள் இல்லை, ஊசி போட்டுவிடுங்கள் என்று கேட்டு வருவார்கள். நான் இருந்த இடத்தில் டொக்டர் மறுத்துவிடுவார். மறுக்க அவருக்கு உரிமை உண்டு, கோபப்படாதீர்கள், அந்த நேரத்தில் புதிய வீடு தேட அவரிடமே உதவி கேளுங்கள்.

மாறாக, போட வேண்டிய நேரத்தில் மறுக்கிறவர்கள் நாம். பாவம் சேரும் என்று. எங்கள் லயத்து நாய் மணியை ஆட்டோ அடித்தபோது அப்பா அதைத்தான் சொன்னார். பின்பக்கம் இழுபட்டது. டொக்டர் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தி நசுக்கினார், மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னங்காலில் அதே மாதிரிச் செய்தபோது கையைக் கடிக்க வந்தது. "பின்னுக்கு ஒண்ணுமே தெரியல" என்றார். அப்பா கேட்டார், "சேர், இது பொழைக்குமா?" அவர் நேராகப் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார்: "மூத்திரத்த ஒரு நாளைக்கு மூணு தடவ வயித்த அமுக்கி எடுக்கணும், புண் வராமத் திருப்பிப் போடணும், சாகுற வரைக்கும். பெரட்டுக்கு, தோட்ட வேலைக்குப் போற வீட்டுல அத யாரு செய்றது?" நாங்கள் இரண்டு நாள் செய்து பார்த்தோம். மூன்றாம் நாள் இடுப்பில் புண், அதில் ஈ. அப்பாதான் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

அந்த மாதிரி நேரத்தில் கேட்க வேண்டியவை: வலி மருந்து போட்டும் வலி இருக்கிறதா, தானாகச் சாப்பிடுமா, நல்ல நாள் எத்தனை வரும், கெட்ட நாள் எத்தனை. "உங்க நாயா இருந்தா என்ன செய்வீங்க சேர்?" என்றும் கேட்கலாம், சில டொக்டர்மார் பதில் சொல்வார்கள், சிலர் மாட்டார்கள். முதலில் தூக்க ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள், அப்புறம் முன்னங்கால் நரம்பில் மயக்க மருந்து அளவுக்கு மேல் போகும், சில விநாடியில் நினைவு போய்விடும். கண் மூடாது. மூச்சு நின்ற பிறகும் ஒன்றிரண்டு தடவை வாய் திறக்கலாம், அது வலி இல்லை. இதை முன்கூட்டியே சொல்லாததால் பிள்ளைகள் பயந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்க முடிந்தால் நில்லுங்கள், தலையைப் பிடித்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

உடம்பை ஆற்றில் போடாதீர்கள், தேயிலைக்குள் எறியாதீர்கள். அந்த மருந்து இறைச்சியில் அப்படியே இருக்கும், தின்கிற நாயும் நரியும் சாகும். பீலிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தூரமாக, ஆழமாகத் தோண்ட வேண்டும். மணிக்கு அப்பா இடுப்பளவு தோண்டினார், மேலே மண்ணைப் போட்டு மிதித்துவிட்டு, பன்றி கிளறும் என்று கானில் கிடந்த பெரிய கல் இரண்டை உருட்டிக்கொண்டு வந்து வைத்தார்.